திருகோணமலை வெக்கையில் அக்சலோட்டல் முட்டையும் குஞ்சும்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது?

அக்சலோட்டல் என்பது வழக்கமாக ஆயுள் முழுக்கச் செவுளோடு தண்ணீரிலேயே வாழும் ஒரு சலமாண்டர்; பல்லி போன்ற உடம்பு, ஆனால் தவளைக்கு உறவு. அதன் பூர்வீகம் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சொச்சிமில்கோ ஏரி. அது கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்துத் தண்ணீர் குளிர்ந்தே கிடக்கும். நம் ஊரில் ஒரு தொட்டித் தண்ணீரைச் சும்மா வைத்தால் ஆண்டின் பெரும்பகுதி 27, 28 டிகிரியில் நிற்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் 30 ஐத் தாண்டும். அக்சலோட்டலுக்குச் சுகமான அளவு 16 முதல் 18 டிகிரி. 20 வரை பரவாயில்லை. 24 ஐத் தாண்டி நாள்கணக்கில் இருந்தால் வளர்ந்த விலங்கே நோயில் விழும், முட்டையும் குஞ்சும் அதற்கு முன்னரே கெடும்.

அதனால் கீழே உள்ள எந்த அறிகுறியைப் பார்த்தாலும் மருந்தைத் தேடுவதற்கு முன் வெப்பமானியைப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவை. காலையில் 19 காட்டுகிற தொட்டி பிற்பகலில் 25 காட்டலாம். பிரச்சினை பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கும்.

தண்ணீர் 22 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை

தொட்டியின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் தண்ணீர் ஆவியாகி இரண்டு முதல் நான்கு டிகிரி வரை இறங்கும். கச்சான் காலத்தில் காற்று உலர்ந்து இருப்பதால் விசிறி நன்றாக வேலை செய்யும். ஆனால் 31 இலிருந்து நான்கைக் கழித்தால் 27 தான் மிச்சம். மாரிகாலத்தில் காற்றில் ஈரம் அதிகம், அப்போது விசிறியால் பெரிய பயன் இல்லை. ஆக, திருகோணமலையில் விசிறியை மட்டும் நம்பி அக்சலோட்டல் இனப்பெருக்கம் செய்ய முடியாது. தொட்டிக்கான குளிரூட்டும் கருவி வேண்டும், அல்லது இரவும் பகலும் ஏசி ஓடுகிற ஓர் அறை வேண்டும். இரண்டும் கையில் இல்லாவிட்டால் இனப்பெருக்கத்தைத் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு சோடியைக் காப்பாற்றுவது வேறு, முந்நூறு குஞ்சைக் காப்பாற்றுவது வேறு.

ஐஸ் போத்தலைத் தொட்டியில் மிதக்கவிடுவது அவசரத்துக்கு மட்டும். போத்தல் உருகியதும் வெப்பம் திரும்ப ஏறும். இப்படி ஏறி இறங்குவது நிலையான 22 ஐவிடக் கெடுதல்.

கரண்ட் போகும் நேரத்துக்கு ஓர் ஏற்பாடு வேண்டும். 2022 இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மீன் வியாபாரத்துக்கு விற்கிற ரெஜிபோம் பெட்டி இதற்கு நல்ல துணை. புதிதாக வாங்குங்கள், மீன் வைத்த பழைய பெட்டியில் உப்பும் கழிவும் ஊறியிருக்கும். முட்டை, குஞ்சு இருக்கிற சிறு டப்பாக்களை அதற்குள் இறக்கி, பக்கத்தில் ஒரு ஐஸ் போத்தலைத் துணியில் சுற்றி வைத்து மூடினால் பல மணி நேரம் தாங்கும். பற்றரியில் ஓடுகிற சின்ன எயார் பம்ப் ஒன்றும் வைத்திருங்கள்.

காலத்தைத் தெரிவு செய்வதும் பாதி வேலையைக் குறைக்கும். கார்த்திகை தொடங்கி மாசி வரை வெளியே வெக்கை குறைவு, குளிரூட்டும் கருவிக்கும் சுமை குறைவு. முட்டையும் சின்னக் குஞ்சும் அந்த மாதங்களுக்குள் வரும்படி சோடி சேருங்கள்.

ஆணும் பெண்ணும் ஒன்றாக இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை

முதலில் இரண்டும் உண்மையில் ஆணும் பெண்ணுமா என்று பாருங்கள். பின்காலுக்குப் பின்னால், வால் தொடங்குகிற இடத்தில் ஆணுக்கு இரண்டு பக்கமும் தெளிவாகப் புடைத்திருக்கும். பெண்ணுக்கு அந்த இடம் தட்டையாக இருக்கும், வயிறு அகன்றிருக்கும். ஒரு வயதுக்கு முன் பார்த்துச் சொல்வது பல தடவை பிழைக்கும். பெண்ணுக்கு ஒன்றரை வயதாவது ஆகட்டும். அதற்கு முன்னரே முட்டை இடக்கூடும், ஆனால் வளர்கிற உடம்பிலிருந்துதான் அந்தச் சத்து எடுக்கப்படும்.

வயது சரி என்றால் குளிரைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டையும் சில கிழமை பிரித்து வைத்து, 20 டிகிரியில் இருந்த தண்ணீரை மெதுவாக 15, 16 க்கு இறக்கிப் பிறகு சேர்த்தால் பல சோடிகள் ஒன்றிரண்டு நாளில் இணையும்.

அடியில் வெள்ளைக் கூம்புகள் கிடக்கின்றன, முட்டை இல்லை

அந்தக் கூம்புகள் ஆண் இட்ட விந்துப் பொதிகள். பசை போன்ற கூம்பின் நுனியில் ஒரு வெள்ளைத் தொப்பி இருக்கும். ஆண் பெண்ணை அதன் மேல் நடத்திக்கொண்டு போகும், பெண் அந்த நுனியைத் தன் உடம்புக்குள் எடுத்துக்கொள்ளும். அதன் பின் சில மணி நேரத்திலிருந்து இரண்டு, மூன்று நாளுக்குள் முட்டையிடத் தொடங்கும். ஆகவே மூன்று நாள் பொறுங்கள்.

அதற்கும் வராவிட்டால் தரையைக் கவனியுங்கள். வெறும் கண்ணாடியில் கூம்பு ஒட்டி நிற்காது. சொரசொரப்பான தட்டைக் கற்கள் சிலவற்றைப் போடுங்கள். கல் ஒவ்வொன்றும் விலங்கின் தலையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சிறு கூழாங்கல்லை அவை விழுங்கிவிடும், குடல் அடைத்துச் சாகும். முட்டையை ஒட்டவைக்க உண்மையான செடியோ பிளாஸ்டிக் செடியோ எதுவானாலும் சரி.

முட்டை வந்தது, காலையில் பாதியைக் காணோம்

தாயும் தகப்பனும் சாப்பிட்டுவிட்டன. அக்சலோட்டலுக்கு முட்டையைக் காக்கும் பழக்கம் இல்லை. இட்டு முடித்ததும் பெரியவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், அல்லது செடியோடு முட்டையை எடுத்துவிடுங்கள். அப்புறம் பெண்ணை ஆணிடமிருந்து பிரித்து வையுங்கள். ஆறு மாதமாவது அதற்கு ஓய்வு வேண்டும். சேர்த்தே வைத்திருந்தால் ஆண் விடாது, பெண் மெலிந்துகொண்டே போகும்.

முட்டை வெண்மையாகிறது, பஞ்சு போலப் படர்கிறது

இதுதான் எல்லோரையும் கலங்கவைக்கிற அறிகுறி. ஆனால் பூஞ்சணம் பெரும்பாலும் ஏற்கெனவே செத்த முட்டையில்தான் முதலில் பிடிக்கும். எது உயிருள்ளது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் பயம் போய்விடும்.

ஒரு முட்டையை வெள்ளைக் கிண்ணத்தில் வைத்து டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கையில் ஒரு சாதாரண பூதக்கண்ணாடி போதும். தெளிந்த கூழுக்கு நடுவே இரண்டு மில்லிமீற்றர் அளவில் ஓர் உருண்டை. கருநிறத் தாய் என்றால் மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெளிறல். முதல் நாளிலேயே அந்த உருண்டையில் கோடு விழுந்து இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிவது தெரியும். மூன்றாம், நான்காம் நாளில் உருண்டை நீளும், ஒரு பக்கம் வளையும். அதன் பிறகு தலைப்பக்கமும் வால்பக்கமும் பிரித்துப் பார்க்கலாம். கருக்கொள்ளாத முட்டை உருண்டையாகவே இருந்து, சில நாளில் கலங்கி வெளுக்கும். தாய் அல்பினோ (கருநிறமே இல்லாத வெள்ளை வகை) என்றால் நல்ல முட்டையும் முழுக்க வெள்ளைதான். அதனால் நிறத்தை வைத்து எறியாமல் வடிவத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

செத்ததை ஒவ்வொரு நாளும் எடுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சின் முனையை அகலமாக வெட்டினால் முட்டையை நசுக்காமல் உறிஞ்சி எடுக்கலாம். பூஞ்சணம் பக்கத்து முட்டைக்குத் தாவியிருந்தால் நல்லவற்றைத் தனிக் கிண்ணத்துக்கு மாற்றி, மெதிலீன் புளூ என்ற நீலச் சாய மருந்து ஒன்றிரண்டு துளி விடுங்கள். தண்ணீர் மெல்லிய நீலமாகத் தெரிந்தால் போதும். வடிகட்டி ஓடுகிற தொட்டியில் அதை ஊற்றக்கூடாது, அங்கே இருக்கிற நல்ல பக்டீரியாவையும் அது கொல்லும். நாட்டுவாதுமைச் சருகு போட்டு ஊறவைத்த தண்ணீரும் பூஞ்சணத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். மரத்திலிருந்து தானாக விழுந்து நன்றாகக் காய்ந்த இலையாக இருக்க வேண்டும், தெருப்புழுதி படிந்ததைக் கழுவாமல் போட வேண்டாம்.

எல்லா முட்டையும் வெளுத்துவிட்டதா? அப்படியானால் ஒன்று ஆணின் விந்து சேரவில்லை, அல்லது முதல் இரண்டு நாளில் தண்ணீர் கடுமையாகச் சூடாகியிருக்கிறது.

குஞ்சு நாளுக்கு முன்னரே வந்துவிட்டது, முதுகு வளைந்திருக்கிறது

18 டிகிரியில் முட்டை பொரிக்க இரண்டரைக் கிழமை அளவு எடுக்கும். 20, 22 இல் இரண்டு கிழமைக்குள் முடியும். சூடு ஏற ஏற வளர்ச்சி வேகமாகும், ஊனமும் கூடும். வளைந்து பிறந்தது நேராகாது. அடுத்த தடவை முட்டைத் தொட்டியை 18 இல் வைப்பதுதான் வழி.

பொரிக்கத் தாமதமானால் கூழைக் கையால் கிழிக்க வேண்டாம். உள்ளே குஞ்சு சுழன்று அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். அசைந்தால் அது தானாக வெளியே வரும்.

பொரித்த குஞ்சு அசையாமல் கிடக்கிறது, எதையும் சாப்பிடவில்லை

முதல் இரண்டு, மூன்று நாள் இது இயல்பு. ஒரு சென்ரிமீற்றரை அண்மித்த அந்த உடம்பில் மஞ்சட்கரு மிச்சம் இருக்கும், அதை வைத்தே வாழும். அதற்குப் பின்னும் வயிறு வெறுமையாக இருந்தால் உணவு பிழை என்று அர்த்தம்.

இந்த வயதில் குஞ்சுக்குப் பார்வையும் தண்ணீர் அதிர்வும்தான் வழிகாட்டி. முன்னால் ஏதாவது துடித்தால் வாயைத் திறந்து உறிஞ்சும். மீன் உணவுத் தூள், அவித்த முட்டை மஞ்சட்கரு இதெல்லாம் அசையாது, அடியில் விழுந்து அழுகும். உயிருள்ள உணவுதான் வேண்டும். அதிலும் அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியாவுக்கு (உப்புத் தண்ணீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிர், அதன் உலர்ந்த முட்டையை டின்னில் விற்பார்கள்) ஈடு இல்லை. சாப்பிட்டதா என்று தெரிந்துகொள்வது எளிது. குஞ்சின் வயிறு கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆர்ட்டீமியா கொடுத்து அரைமணி நேரத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள். வயிறு செம்மஞ்சளாகத் தெரிந்தால் சாப்பிட்டிருக்கிறது. செம்மஞ்சள் தெரியாத குஞ்சைத் தனிக் கிண்ணத்துக்கு எடுத்து, அங்கே ஆர்ட்டீமியாவை நெருக்கமாக விடுங்கள். இரண்டு வேளை இப்படிச் செய்தால் பல குஞ்சுகள் பழகிவிடும்.

டாப்னியா என்ற தண்ணீர்ப்பூச்சி கிடைத்தால் மிக நல்லது, நல்ல தண்ணீரில் அது சாகாமல் நீந்திக்கொண்டிருக்கும். நுளம்புக் குடம்பியும் நல்ல உணவுதான், ஆனால் வீட்டில் அதை வளர்க்காதீர்கள். 2007 ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டப்படி அது குற்றம். சட்டத்தை விடுங்கள், டெங்கு வந்து போன வீடுகள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன.

ஆர்ட்டீமியா பொரிக்கவில்லை

இங்கே நம் ஊர் நமக்கு உதவி செய்கிறது. அக்சலோட்டலை வாட்டுகிற அதே 27, 28 டிகிரிதான் ஆர்ட்டீமியாவுக்கு மிகப் பொருத்தம். குளிர்நாட்டுக்காரர் இதற்கு ஹீற்றர் வைக்க வேண்டும், நமக்குக் குசினி மேசையே போதும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு. நிலாவெளிப் பக்கத்து உப்பளத்து உப்பு நன்றாக வேலை செய்யும். உப்புவெளிக் கடற்கரையில் தெளிந்த கடல்தண்ணீர் எடுத்து மெல்லிய துணியில் வடித்தாலும் சரிதான். துறைமுகத்துக்குள் எடுக்க வேண்டாம், எண்ணெய் கலந்திருக்கும். கொட்டியாரக் குடாப் பக்கம் எடுத்தால் மழைகாலத்தில் மகாவலி தண்ணீர் கலந்து உப்புக் குறைந்திருக்கும். அப்போது கொஞ்சம் உப்புச் சேர்க்க வேண்டிவரும்.

தலைகீழாக வெட்டிய பிளாஸ்டிக் போத்தல், அடிவரை எயார் குழாய், மேலே ஒரு மின்குமிழ். 24 மணி நேரத்தில் பொரிய வேண்டும். பொரியாவிட்டால் பெரும்பாலும் ஆர்ட்டீமியா முட்டை பழசு. நம் கரையோர ஈரத்தில் திறந்த டின் சில மாதத்தில் கெட்டுவிடும். இறுக்கமாக மூடிய போத்தலில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள்.

கொடுக்கும் முன் காற்றையும் மேல் மின்குமிழையும் நிறுத்தி, அடியில் டோர்ச் வெளிச்சம் காட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். வெற்றுக் கோது மேலே மிதக்கும், உயிருள்ளவை வெளிச்சம் உள்ள அடிப்பக்கம் கூடும். அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் கழுவிக் கொடுங்கள். கோது உள்ளே போனால் செரிக்காது, உப்புத் தண்ணீர் போனால் குஞ்சுத் தொட்டி கெடும்.

குஞ்சு தலைகீழாக மிதக்கிறது, வயிறு ஊதியிருக்கிறது

ஒரு வேளை உணவை நிறுத்திவிட்டு, முதுகு மூடுகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் உள்ள கிண்ணத்தில் 16, 17 டிகிரியில் வையுங்கள். காற்றை விழுங்கியிருந்தால் ஒரு நாளில் சரியாகும். கோது அடைத்திருந்தால் வயிற்றில் பழுப்பு நிறத் துணுக்குகளாகத் தெரியும். அதற்கும் குளிரும் பொறுமையும்தான் மருந்து.

கால் இல்லை, செவுள் பாதி இல்லை

நோய் இல்லை, கடி. குஞ்சுக்கு முதலில் முன்கால் முளைக்கும் (தவளைக் குஞ்சுக்குப் பின்கால் முதலில் வரும்). ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றரில் அது நடக்கும்போதே பக்கத்தில் அசைகிற எதையும் கவ்வுகிற பழக்கமும் தொடங்கும். ஏழு, எட்டு சென்ரிமீற்றர் ஆகும் வரை இது நிற்காது.

கடிபட்டதை உடனே தனிக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர் சுத்தமாகவும் குளிராகவும் இருந்தால் வெட்டுப்பட்ட நுனியில் சில நாளில் ஒரு சிறு மொட்டு தெரியும். அது நீண்டு, விரல் பிரிந்து, சில கிழமைகளில் முழுக் காலாகும். எலும்பு, நரம்பு, தசை எல்லாம் திரும்ப வரும். மருந்து எதுவும் போட வேண்டாம்.

மற்றவற்றை அளவு வாரியாகப் பிரியுங்கள். ஒரே நாளில் பொரித்தவற்றிலும் ஒரு சில மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெருத்துவிடும். அவற்றை முதலில் எடுங்கள். ஐஸ்கிரீம் டப்பாக்களில் தனித்தனியாக வைப்பது வேலை கூடிய முறை, ஆனால் கால் தப்பும். நேரம் தவறாமல் இரண்டு வேளை உணவு கொடுத்தால் கடி பாதியாகக் குறையும். நாலைந்து சென்ரிமீற்றர் ஆனதும் மண்புழுவைச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுக்கலாம். பூச்சிமருந்து அடிக்காத தோட்டத்துப் புழுவாக இருக்க வேண்டும்.

நேற்று நன்றாக இருந்தவை இன்று காலை கூட்டமாகச் செத்துவிட்டன

ஒன்றிரண்டு சாவது வேறு. கூட்டமாகச் செத்தால் தண்ணீர்தான் காரணம். இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் அமோனியா. குஞ்சு சாப்பிடாத ஆர்ட்டீமியா உப்பில்லாத தண்ணீரில் சில மணி நேரத்தில் செத்து அழுகத் தொடங்கும். அமோனியாவின் நஞ்சு வெப்பத்தோடும் காரத்தோடும் கூடும். பிஎச் 8 உள்ள தண்ணீரில் 18 டிகிரியில் இருக்கிற நஞ்சு வடிவ அமோனியா 28 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே நேரம் சூடான தண்ணீரில் ஒட்சிசனும் குறையும். அதனால் கண்டியில் தப்புகிற அழுக்கு இங்கே கொல்லும். உணவு கொடுத்து ஒரு மணி நேரத்துக்குப் பின் அடியில் கிடப்பதை உறிஞ்சி எடுங்கள். சிறு டப்பா என்றால் ஒவ்வொரு நாளும் தண்ணீரை முழுக்க மாற்றுங்கள், புதுத் தண்ணீரும் அதே வெப்பத்தில் இருக்கட்டும்.

அடுத்தது குளோரின். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றினால் செவுள் எரிந்து சாகும். அகலமான வாளியில் ஒரு நாள் முழுக்கக் காற்று விட்டு வைத்துப் பிறகு பாவியுங்கள், அல்லது சோடியம் தயோசல்பேட் துளி மருந்து போடுங்கள். கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் கரையை அண்டிய கிணறுகள் கோடையில் உவராகும். நாக்கில் வைத்தால் உப்புத் தெரிகிற தண்ணீரை முட்டைக்கும் குஞ்சுக்கும் எடுக்க வேண்டாம்.

மூன்றாவது புகை. டெங்குக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் தொட்டியை ஈரத்துணியால் மூடி, எயார் பம்பை நிறுத்திவிடுங்கள்; பம்ப் அந்த மருந்தை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் அனுப்பும். நுளம்புச் சுருளையும் அந்த அறையில் கொளுத்தாதீர்கள். புகை அடங்கிக் கதவு ஜன்னல் திறந்து காற்றோட்டம் வந்த பிறகு பம்பைப் போடலாம்.

செவுள் முன்னால் வளைகிறது, அல்லது சுருங்குகிறது

செவுள் முன்பக்கமாக வளைந்து, வால் நுனியும் சுருண்டிருந்தால் தண்ணீர் ஓட்டம் அதிகம். வடிகட்டியின் வாயைச் சுவருக்குத் திருப்புங்கள். செவுள் மயிர் உதிர்ந்து கட்டையாகினால் அமோனியாவையும் வெப்பத்தையும் பாருங்கள்.

செவுளும் வால் துடுப்பும் இரண்டும் தேய்ந்து, கண் துருத்தி, தலையை வெளியே நீட்டப் பார்த்தால் அது அரிதான இன்னொரு விடயம்: தரைவாழ் சலமாண்டராக உருமாறுகிறது. 1864 இல் மெக்சிகோவிலிருந்து 34 அக்சலோட்டல்கள் பாரிசுக்குப் போயின. அவற்றில் ஆறு ஒகஸ்ட் டூமெரில் என்ற விலங்கியலாளரின் கைக்கு வந்து, அடுத்த ஆண்டு குஞ்சுகளும் பெருகின. அந்தக் குஞ்சுகளில் சில இப்படித்தான் செவுளை இழந்து கரையேறின. உங்கள் தொட்டியில் இது நடந்தால் தண்ணீரைக் குறைத்து ஏறி நிற்க ஒரு மேடு கொடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். அயடீன் சேர்த்து வேண்டுமென்றே இதைத் தூண்டுவது கொடுமை. உருமாறியவை நீண்ட நாள் வாழ்வதில்லை.

குஞ்சு அளவுக்கு மிஞ்சிவிட்டது

ஒரு பெண் ஒரே தடவையில் நூறு முதல் ஆயிரம் வரை இடும். எத்தனை வளர்க்க உங்களிடம் இடமும் குளிரும் உணவும் இருக்கிறதோ, அத்தனை முட்டையை மட்டும் முதல் நாளே எடுத்து வையுங்கள். மிச்சத்தை முதல் ஓரிரு நாளுக்குள், உருண்டையாக இருக்கும்போதே, பிரீசரில் வையுங்கள். மனதுக்குக் கஷ்டம்தான், ஆனால் நூற்றுக்கணக்கில் பொரித்துப் பசியில் ஒன்றையொன்று தின்ன விடுவதைவிட இது நல்லது. கூடப்பிறந்தவற்றையோ, எங்கிருந்து வந்தது என்று தெரியாத சோடியையோ இனம் சேர்க்க வேண்டாம்.

குளத்திலோ வாய்க்காலிலோ விட வேண்டாம். கந்தளாய்க் குளத்து வெப்பத்தில் அக்சலோட்டல் பிழைக்காது, அது சாகும் முன் சுமந்து வந்த கிருமி நம் தவளைகளுக்குப் போகும். இலங்கைத் தவளைகளில் பெரும்பகுதி உலகில் வேறெங்கும் இல்லாதவை. தொட்டி கழுவிய தண்ணீரையும் வாய்க்காலில் ஊற்றாமல் வெயில் படுகிற தரையில் ஊற்றுங்கள்.

வளர்ந்ததைக் கொடுப்பதென்றால் எட்டு சென்ரிமீற்றர் தாண்டிய பிறகு கொடுங்கள், வாங்குபவரிடம் குளிரூட்ட வழி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று, ஒரு பைக்கு ஒன்று. ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் போத்தலைப் பையில் படாமல் வைத்து, இரவுப் பயணமாக அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் இரண்டு நாள் உணவு கொடுக்க வேண்டாம், பைத் தண்ணீர் கெடாமல் இருக்கும்.